கல்லைத் திருப்பியவன்

வண்டி பெருங்களத்தூர் தாண்டிவிட்டதாம். மாப்பிள்ளை பிரசன்னா செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே அதைச் சமையலறைப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போனான். பெருங்களத்தூர் தாண்டினால் தாம்பரம், அப்புறம் சானடோரியம், குரோம்பேட்டை, அதற்கப்புறம் பல்லாவரம்தான், தெருவுக்குள் திரும்பினால் இந்த வீடுதான், முடிந்தது கதை. சோபாவில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த அறவாழிக்கு இந்த ஊர்கள் ஒன்றுவிடாமல் வரிசையாக வந்து நின்றன. சானடோரியம்கூட விட்டுப்போகவில்லை பாருங்கள். உள்ளே எல்லாம் இருக்கிறது, அதுதானே கொடுமை. கல்லூரியில் கற்காலம் நடத்திய மனுஷர், மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரல், அந்த வாயில் இன்றைக்கு மிச்சம் ஒரே ஒரு சொல். பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் முடக்கிப் போட்டு, இருந்த சொற்களையெல்லாம் வழித்துக்கொண்டு கிளம்பும்போது, போனால் போகிறது என்று ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சரி. அவ்வளவுதான். காபி என்று சொல்ல வாயைத் திறந்தால் சரி. ஃபேன் என்றால் சரி. இறந்துபோன மனைவியின் பெயரைச் சொல்லிப் பார்க்க ஒரு மத்தியானம் முழுக்க முயன்றார். ரேவதி, இதில் என்ன கஷ்டம், நாக்கு கொஞ்சம் மேலே மடங்க வேண்டும், மடங்கியது, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, வந்து விழுந்தது சரி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஊமையாகக் கிடந்தவர் முதல் தடவை அந்தச் சொல்லைச் சொன்னபோது மகள் நித்திலா கையிலிருந்த டம்ளரை அப்படியே போட்டுவிட்டு, அப்பா பேசிட்டார், அப்பா பேசிட்டார் என்று வீடு முழுக்க ஓடினாள். அந்தச் சந்தோஷம்தான் இப்போது வண்டி பிடித்து வந்துகொண்டிருக்கிறது.

போன வாரம்தான் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, உணர்வில்லாத அந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள், நல்ல பெண், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். "அப்பா, எனக்கு லீவு முடிஞ்சுபோச்சு. பகல்ல உங்களைத் தனியா விட்டுட்டுப் போகப் பயமா இருக்குப்பா. மறைமலைநகர் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பாத்துட்டு வந்தோம். தோட்டமெல்லாம் இருக்கு, நர்ஸ் கூடவே இருப்பாங்க. போறீங்களாப்பா?" வேண்டாம். வேண்டாம்மா, இங்கேயே ஒரு மூலையில் கிடக்கிறேன், சத்தம் போட மாட்டேன், வேண்டாம். உள்ளே அந்தச் சொல் ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. வாயைத் திறந்தால் ஆபத்து என்று தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவள் முகம் பதிலுக்காக எதிரே காத்திருந்தது. வேண்டாம் என்பதை ஒரே ஒரு தடவை எப்படியாவது முக்கித் தள்ளிவிடலாம் என்று ஆசைப்பட்டுத் திறந்தார், தொலைந்தது. சரி. தலையையாவது ஆட்டித் தொலைப்போம் என்றால் அந்தப் பாழாய்ப்போன தலையும் வாயோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு மேலும் கீழுமாக ஆடியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் பார்த்தாள், முந்தானையால் துடைத்தும் விட்டாள். இந்த வியாதியில் காரணமில்லாமல் அழுவார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. இடது கையால் எழுதிக் காட்டலாம் என்று பார்த்தால் எழுத்துகளும் பேச்சோடு சேர்ந்தே ஓடிப்போயிருந்தன, பேப்பரில் விழுந்தது கோழி கிளறிய குப்பை. இத்தனை நாளும் வீட்டில் அவரிடம் கேட்டதெல்லாம் சரிக்குப் பொருந்துகிற கேள்விகள்தான். காபி குடிக்கறீங்களா, குளிக்கலாமா, லைட்டை அணைக்கவா. எல்லாவற்றுக்கும் கனகச்சிதமாகப் பதில் வந்ததால் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்று சாயங்காலமே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போயிற்று, அப்பாவே சரின்னுட்டார்.

சமையலறையில் மிக்ஸி ஓடி நின்றது. அப்பாவுக்குப் பிடிக்கும் என்று கொத்தமல்லித் துவையல் அரைக்கிறாள், டப்பாவில் போட்டுக் கையோடு அனுப்ப. வாசனை கூடம் வரைக்கும் வந்தது. வயிறு பசித்தது, அந்தப் பசி மேல் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த நேரத்தில் பசி ஒரு கேடா. அறவாழி பிழைத்ததே வாயில்லாதவர்களுக்கு வக்கீல் வேலை பார்த்துத்தான். நியண்டர்தால் மனிதர்கள், நம்மவர்கள் ஐரோப்பாப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் குளிரில் குடும்பம் நடத்திப் பிறகு இல்லாமல் போனவர்கள், அவர்கள்தான் கட்சிக்காரர்கள். எழுந்து வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள். ஒரு வார்த்தை எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. விட்டுப்போனது கல்லும் எலும்பும். துறையில் கூட வேலை பார்த்த திருவேங்கடம், வெற்றிலைச் சிவப்போடு சிரிப்பார், "அறவாழி, உன் ஆளுக்குப் பேச்சு இருந்துதுன்னு மொதல்ல காட்டு. பேச்சில்லாம யோசனை ஏதுய்யா? குளவி கூடத்தான் கூடு கட்டுது." அடேயப்பா, அந்தக் குளவி அவரை எத்தனை வருஷம் கொட்டியது. பூர்ச்ச மரப்பட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டுப் பசை வடித்து, அந்தப் பசையால் கல்முனையைக் கழியில் ஒட்டினவன்யா அவன், அது குளவி வேலையா? ஒரு கல்லை எடுத்தால் நேராக உடைத்துவிட மாட்டான். சுற்றிவரச் செதுக்குவான், மேலே ஆமை முதுகு மாதிரி மேடு கட்டுவான், ஓரத்தைத் தேய்த்துப் பதம் பண்ணுவான், இத்தனையும் எதற்கு, கடைசியில் ஒரே ஒரு அடிக்கு. அந்த ஓர் அடியில் உள்ளங்கை அகலச் சில்லு ஒன்று கத்தியாகவே கழன்று வரும். கல்லுக்குள் இருக்கும்போதே அந்தக் கத்தி அவன் மனசில் இருந்திருக்கிறது. இதைச் சொன்னால் திருவேங்கடம், பழக்கம்யா, கைப்பழக்கம் என்பார். அப்போதுதான் அறவாழி தன் துருப்புச் சீட்டை எடுத்து வைப்பார். நல்லா வந்த கல்லைப் பாக்காதீங்க சார், தப்பா வந்த கல்லைப் பாருங்க. அடி பிசகி, சில்லு பாதியில் முறிந்து, கல்லில் படிக்கட்டு மாதிரி ஒரு படி விழுந்துபோன இடத்தைப் பாருங்க. வெறும் பழக்கம்னா அதே இடத்துல மறுபடி மறுபடி அடிச்சிருப்பான். இவன் நிறுத்தியிருக்கான். கல்லைத் திருப்பியிருக்கான். எதிர்ப்பக்கத்துலேருந்து அடிச்சு அந்தப் படியை எடுத்திருக்கான். யோசிக்காதவன் எதுக்குய்யா கல்லைத் திருப்பறான்? திருவேங்கடம் வெற்றிலையைத் துப்பப் போய்விடுவார். இதையே வகுப்பில் சொன்னால் கைதட்டு விழும். நல்லா வாதாடினே போ, என்று அறவாழி இப்போது தனக்கே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு வக்கீல். இன்றைக்குக் கூண்டில் நிற்பது யார்?

"தாம்பரத்துல செம டிராஃபிக்காம்" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது.

டிராஃபிக். தாம்பரத்துக்குக் கோடி புண்ணியம். அறவாழியின் பார்வை ஷோகேஸின் கீழ்த்தட்டுக்குப் போயிற்று, போய் ஒட்டிக்கொண்டது. பழைய பூத்துவாலையில் சுற்றி அது அங்கேதான் இருக்கிறது. தெற்கு பிரான்சில் ஓர் ஆற்றங்கரையில் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த சக்கிமுக்கிக் கல், கூடவே அதை அடிக்க ஒரு கூழாங்கல். ஊரில் இல்லாத கல்லா என்று ரேவதி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு ஏற்கெனவே ஒரு வயிற்றெரிச்சல், இந்த நாட்டிலேயே முதல்முதல் கற்கோடாரி கண்டெடுத்த ஊர் என்று சொல்லித்தானே அடையாறில் வந்த வீட்டை விட்டுவிட்டுப் பல்லாவரத்தில் வாங்கினார். அந்தக் கல்லை அவர் ரிட்டயர் ஆன பிறகு வாரக்கணக்கில் செதுக்கினார். ஆமை முதுகு கட்டியாயிற்று, ஓரம் தேய்த்தாயிற்று, கடைசி அடி மட்டும் பாக்கி. நாளைக்கு அடிக்கலாம், நல்ல வெளிச்சத்தில் அடிக்கலாம் என்று தள்ளிப்போட்டார், உள்ளூரப் பயம், ஓர் அடியில் கெட்டுப்போனால் அத்தனையும் வீண். அப்புறம் வலது கை போய்விட்டது. எடுத்து அடித்தால் என்ன? என்ன ஆகும்? ஆள் உள்ளே இருக்கிறான் என்று தெரியும். தெரியுமா? வெறும் பழக்கம் என்று சொல்லிவிட்டால்? ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் தலைமாட்டில் நின்றுகொண்டே சொன்னார், எவ்வளவு புரியுதுன்னு சொல்ல முடியாதும்மா. அங்கே படுத்திருந்தவனுக்கு அந்த வாக்கியம் அட்சரம் பிசகாமல் புரிந்தது. ஒரு வேளை டாக்டர் சொன்னதுதான் நிஜமோ? புரிகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பதுதான் வியாதியோ? பைத்தியக்காரனுக்கும் தான் சொல்வதெல்லாம் சரியாகத்தானே படும். சரி. சே, நினைப்பில்கூட வந்து உட்கார்ந்துகொள்கிறது சனியன். உடம்பு குப்பென்று வேர்த்தது. இல்லை, அடித்துத்தான் பார்க்க வேண்டும், மகளுக்குக் காட்ட இல்லாவிட்டாலும் தனக்குக் காட்டவாவது அடித்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் இந்த வண்டி குரோம்பேட்டை வருவதற்குள்.

இடது காலை நீட்டி ஷோகேஸ் கதவை நெம்பினார், திறந்தது. குனிந்து இடது கையால் துவாலை நுனியைப் பிடித்தார், கனம் கையை இழுத்தது, சோபாவிலிருந்து ஆள் முன்னால் சரியப் பார்த்தார், விழுந்தால் அவ்வளவுதான், விழுந்தவனை நாலு பேர் தூக்கி நேரே வண்டியில் வைப்பார்கள். நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சோபாக் கைப்பிடியை இடது கையால் பிடித்து நிமிர்ந்தார். துவாலையில் பாச்சை உருண்டை நாற்றம். பல்லால் இழுக்கும்போதே ஷனிடார் குகைக் கிழவனின் நினைவு வந்தது, சிரிப்பும் வந்தது. இராக்கில் கிடைத்த எலும்புக்கூடு. நியண்டர்தால் கணக்குக்கு நல்ல கிழவன். இடது கண் பக்கம் அடிபட்டு நொறுங்கி ஆறியிருந்தது. வலது கை சூம்பி, முழங்கைக்குக் கீழே இல்லவே இல்லை. கால் தாங்கல். முன்பற்கள் தேய்ந்து கிடந்தன, கை செய்ய வேண்டியதைப் பல் செய்திருக்கிறது. அப்படிப்பட்டவன் அடிபட்ட பிறகும் வருஷக்கணக்கில் உயிரோடு இருந்திருக்கிறான். யாரோ சோறு போட்டிருக்கிறார்கள், யாரோ நெருப்புப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். அந்தப் பாடம் நடத்தும்போது வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். அவனை எந்த இல்லத்திலும் சேர்க்கவில்லை. சேச்சே, மகளை அப்படி நினைக்கக் கூடாது, அவளுக்கு வேலை இருக்கிறது, பஸ் பிடித்துப் போய்ப் பஸ் பிடித்து வருகிற பெண், குகைக்காரர்களுக்கு ஆபீஸ் ஏது. ஆனால் ஒன்று மட்டும் அறவாழிக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. அந்தக் கிழவனிடம் போகிறாயா என்று யாராவது கேட்டிருந்தால், அவன் வேண்டாம் என்று சொன்னது அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

கல் மடிக்கு வந்துவிட்டது. துவாலையைத் தொடைமேல் மடித்துப் போட்டு, கல்லை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கினார். வலது முட்டி ஒத்துழைக்கவில்லை, இடது முட்டியால் அதன் பக்கமாக நெருக்கினார். அடிப்பதற்கான கூழாங்கல் இடது கையில், வழவழவென்று, சில்லென்று, அந்தக் குளிர்ச்சி பட்டதும் தோள் வரைக்கும் ஏதோ முழித்துக்கொண்டது. முதலில் ஓரத்தைத் தேய்த்தார், சரக் சரக். வாய் பாட்டுக்குச் சரி சரி என்று முனகியது, முனகித் தொலை. எங்கே அடிக்க வேண்டும் என்பது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிகிறது, மனசுக்குத் தெரிகிறது, இந்த இடது கைக்குத்தான் தெரியாது, பிறந்ததிலிருந்து சோற்றுத் தட்டைப் பிடித்துக்கொள்வதைத் தவிர அது என்ன செய்திருக்கிறது. கையை ஓங்கினார். இறக்கினார். மறுபடி ஓங்கினார். இதைக் கெடுத்தால் வேறு கல் கிடையாது. கெடுக்காமல் வைத்திருந்து மறைமலைநகரில் யார் அடிப்பார்கள்? அடித்தார்.

டொக். பிசகிவிட்டது. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, நல்ல அடிக்குக் கல் கணீரென்று சொல்லும், இது மரத்தில் தட்டின மாதிரி. நகத்தளவு சில்லு பாதியில் முறிந்து பறந்து ஷோகேஸ் கண்ணாடியில் போய்ப் பட்டது, கண்ணாடியில் கீறல். ஆமை முதுகின் விளிம்பில் அசிங்கமாக ஒரு படி விழுந்திருந்தது. போச்சு, எல்லாம் போச்சு. பால்கனிக் கதவு படாரென்று திறந்தது.

"ஐயோ மாமா! என்ன பண்றீங்க? நித்தி, இங்க வா, சீக்கிரம் வா! உங்கப்பா கல்லை எடுத்து அடிக்கிறார் பாரு!"

"என்னாச்சு?" ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"இதுக்குத்தான் சொன்னேன். நாம இல்லாதப்போ இப்படி ஏதாவது பண்ணினா யார் பாக்கறது? கண்ணாடியைப் பாரு. மாமா, அதைக் கீழ வைங்க. வச்சிடுங்க மாமா."

"சரி" என்றது வாய்.

வாய் சொன்னது, கை வைக்கவில்லை. அறவாழிக்கு அவர்கள் குரல் எங்கோ தெருவில் கேட்பது போலிருந்தது. கண் அந்தப் படியிலேயே நின்றது. அதே இடத்தில் இன்னொரு போடு போடு என்று கோபம் கையைத் தள்ளியது, போட்டிருந்தால் கல் இரண்டாகியிருக்கும். போடவில்லை. கூழாங்கல்லை மடியில் வைத்தார். முட்டியைத் தளர்த்தினார். இடது கையால் கல்லை மெல்ல, நழுவி, மறுபடி பிடித்து, நழுவி, ஒரு வழியாக முழுசாகச் சுற்றி எதிர்ப்பக்கத்தை முன்னால் கொண்டுவந்தார். அதன் ஓரத்தைத் தேய்த்தார், சரக் சரக். பிரசன்னா செல்போனில் யாரிடமோ, சீக்கிரம் வாங்க, குரோம்பேட்டை வந்துட்டீங்களா, சீக்கிரம் என்று கத்திக்கொண்டிருந்தான். நித்திலா எதிரே தரையில் உட்கார்ந்தாள். பயந்திருந்தாள், மூச்சு வாங்கியது, ஆனாலும் குரலைக் குழந்தையிடம் பேசுவது போல வைத்துக்கொண்டாள்.

"அப்பா, குடுத்துடுங்கப்பா. கையைக் காலைக் கிழிச்சுக்குவீங்க. குடுங்க."

"சரி."

"சரின்னு சொல்றீங்க, குடுக்க மாட்டேங்கறீங்களே. குடுங்கப்பா."

"சரி சரி."

கூழாங்கல் மறுபடி கைக்கு வந்திருந்தது, தோளுக்கு மேலே ஏறியிருந்தது. இந்த முறை பிசகாது, கைக்குத் தெரிந்துவிட்டது, இறக்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து நித்திலா கல்லைப் பிடுங்கக் கையை வைத்தாள். அவள் கட்டைவிரல் நேராக அந்த ஓரத்தின் மேல். பிரசன்னா, நித்தி கையை எடு என்று அலறினான். அவள் எடுக்கவில்லை, உறைந்துபோயிருந்தாள்.

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. பிறகு இறங்கியது, மெதுவாக, பக்கவாட்டில். அறவாழி கூழாங்கல்லைச் சோபாவில் வைத்தார். இடது கையை நீட்டி மகளின் கட்டைவிரலைப் பிடித்து ஓரத்திலிருந்து நகர்த்தினார். பக்கத்து விரலையும் பார்த்தார், அதையும் நகர்த்திக் கல்லுக்கு அடியில் வைத்தார். அங்கே தட்டிக்கொடுத்தார், இங்கே இருக்கட்டும் என்பது போல. அப்புறம் எட்டி, பறந்த சில்லு எங்கேயாவது இருக்கிறதா என்று அவள் புடவையை உதறிவிட்டார். அதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் கூழாங்கல்லைத் தேடினார்.

நித்திலா அவர் கையைப் பார்த்தாள். திருப்பி வைத்த கல்லைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ நாளாக அவர் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள்.

"அப்பா" என்றாள். குரல் குழந்தையிடம் பேசுகிற குரலாக இல்லை. "உங்க பேரு திருவேங்கடமா?"

"சரி."

"நான் உங்க பொண்ணே இல்லதானே?"

"சரி" என்றார் அறவாழி. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அம்மா உள்ள சமைச்சிட்டிருக்காங்களா?"

"சரி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து, ஐயையோ, ஐயையோ என்று ஒரு சத்தம் வந்தது. "அன்னிக்கு நான் கேட்டப்போ... அப்பா, அன்னிக்கு வேண்டாம்னுதானே... நான் பாவி, நான் ஒரு பாவிப்பா" என்று அவர் முட்டியில் தலையை முட்டிக்கொண்டாள். கீழே ஹாரன் அடித்தது. பிரசன்னா எட்டிப் பார்த்து, வந்துட்டாங்க என்றான்.

"திருப்பி அனுப்பிடு."

"என்ன நித்தி விளையாடறியா? அவ்வளவு தூரம் வந்திருக்காங்க. அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"அப்பா வரலைன்னு சொல்லு."

"அவரே சரின்னு சொன்னாரு, நீயும்தான் கேட்டே."

"அவர் இன்னும் எதுவுமே சொல்லலை, பிரசன்னா. கீழ போய்ச் சொல்லிட்டு வா. நாளைக்கு என்ன பண்றதுன்னு நாளைக்குப் பாக்கலாம். போ."

அவன் மாமனாரைப் பார்த்தான், கீறல் விழுந்த கண்ணாடியைப் பார்த்தான், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். நித்திலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். கல்லை அவர் முட்டிகளுக்கு நடுவில் நேராக நிறுத்தி, அவர் வைத்த இடத்திலேயே விரல்களை வைத்து, இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். அறவாழி கூழாங்கல்லைத் தூக்கினார், அவள் விரல்களைப் பார்த்தார், தயங்கினார்.

"அடிங்கப்பா" என்றாள்.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கையை எடுக்கவில்லை.